ஒட்டாத பூச்சு ரெடி... ஆனா அது எத்தனை நாள் தாங்கும்?

மாசத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய கான்டாக்ட் லென்ஸை மூணு மாசம் ஓட்டுறவரா நீங்க? திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, டைடல் பார்க் பக்கமோ ஓ.எம்.ஆர். பக்கமோ வேலைக்குப் போகும் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சிலராவது சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். "கிழியல, நல்லாத்தான் தெரியுது, அப்புறம் எதுக்குத் தூக்கிப் போடணும்?"

நியாயமான கேள்விதான். லென்ஸ் கிழிவதில்லை, பவரும் மாறுவதில்லை. மாறுவது அதன் மேல்பரப்பு. சில வகை லென்ஸ்களின் மேல் இருக்கும் பூச்சின் தடிமன் சுமார் 25 நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கு! கண்ணீரில் இருக்கும் புரதமும் கொழுப்பும் லென்ஸில் அப்பிக்கொள்ளாமல் காப்பது அந்தப் பூச்சு. அதற்கு ஆயுள் உண்டு.

லென்ஸ் மட்டுமல்ல. உடலுக்குள் வைக்கும் குழாய், ரத்தத்தைத் தொடும் சென்சார் சிப், கடலுக்கடியில் வைக்கும் கருவி என எல்லாவற்றுக்கும் இதே தலைவலி. புரதம் ஒட்டாத பூச்சை ஆய்வகத்தில் செய்வது இன்று பெரிய காரியம் இல்லை. அந்தப் பூச்சை அடியில் இருக்கும் பொருளோடு வருஷக்கணக்கில் ஒட்டியிருக்க வைப்பதுதான் கஷ்டம். மேலே எதுவும் ஒட்டக்கூடாது, ஆனா கீழே அது மட்டும் கெட்டியாக ஒட்டணும். சிக்கலே அதுதான்.

பால் அடிப்பிடிப்பது ஏன்?

வீட்டு அடுப்பிலிருந்தே தொடங்குவோம். பாலைக் காய்ச்சும்போது அடியில் ஒரு படலம் பிடிக்கிறதே, அதில் முக்கியமான பங்கு பாலில் உள்ள புரதத்துக்கு. புரதம் என்பது நூல்கண்டு மாதிரி சுருட்டி வைக்கப்பட்ட நீளமான மூலக்கூறு. தண்ணீரோடு ஒத்துப்போகும் பகுதிகள் பெரும்பாலும் வெளியே இருக்கும், தண்ணீருக்கு ஆகாத எண்ணெய்த்தன்மை கொண்ட பகுதிகள் உள்ளே ஒளிந்திருக்கும். சூடு 70 டிகிரியை நெருங்கும்போது பாலின் சில புரதங்களில் இந்தக் கண்டு பிரியத் தொடங்குகிறது. உள்ளே இருந்த பகுதி வெளியே வந்து, ஒன்றோடொன்றும் பாத்திரத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. பால் ஆலைகளில் இதைக் கழுவ காஸ்டிக் சோடாவும் அமிலமும் விடுகிறார்கள்.

கண்ணில் அடுப்பு இல்லையே என்றால், சூடு தேவையே இல்லை. எண்ணெய்த்தன்மை கொண்ட பரப்பு ஒன்று கிடைத்தால் போதும். அதன்மேல் வந்து உட்கார்ந்த புரதம் மெல்ல மெல்லப் பிரிந்து, உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பகுதியால் அந்தப் பரப்பைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை அப்படிப் பிரிந்து ஒட்டிவிட்டால், திரும்பச் சுருண்டு எழுந்து போவது அபூர்வம். காஸ்டிக் சோடா போட்டுக் கழுவும் வசதி கண்ணுக்கு இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் வரிசையும் உண்டு. ரத்தத்தைத் தொடும் பரப்பில் எண்ணிக்கையில் அதிகமான, வேகமாக நகரும் புரதங்கள் முதலில் வந்து இடம் பிடிக்கும். பிறகு வலுவாகப் பிடிக்கக்கூடிய புரதங்கள் வந்து அவற்றைக் கிளப்பிவிட்டு உட்காரும். பீக் அவரில் மாநகரப் பேருந்தில் நடப்பதுபோலத்தான். இதைக் கண்டறிந்த லியோ வ்ரோமன் நினைவாக இதற்கு 'வ்ரோமன் விளைவு' என்று பெயர். டச்சுக்காரரான இவர் ரத்த ஆராய்ச்சியாளர் மட்டுமல்ல, தன் மொழியில் புகழ்பெற்ற கவிஞரும்கூட. இந்த வரிசை விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிலிக்கானா, சிலிக்கோனா?

பெயரில் ஒரு சின்ன மாற்றம்தான், பொருள் வேறு. சிலிக்கான் என்பது தனிமம். மணலிலிருந்து எடுத்து, கம்ப்யூட்டர் சிப் செய்கிறார்கள். சிலிக்கோன் என்பது அந்தச் சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீளச் சங்கிலி, பக்கவாட்டில் கார்பன் கூட்டங்கள் தொங்கும். உங்கள் மொபைல் கவர், பால் பாட்டில் நிப்பிள், கேக் அச்சு எல்லாம் சிலிக்கோன். சிப் கண்ணாடிபோல் விறைப்பு. சிலிக்கோனோ ரப்பர்போல் வளையும், உள்ளே அதன் சங்கிலிகள் நெளிந்துகொண்டே இருக்கும். இந்த நெளிதல்தான் பூச்சுக்காரர்களுக்கு முதல் எதிரி.

சரி, எண்ணெய்த்தன்மை கொண்ட சிலிக்கோனைக் கொண்டுபோய் ஏன் கண்ணில் வைத்தார்கள்? ஆக்சிஜனுக்காக. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. விழித்திருக்கும்போது அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே, 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் வீட்டில், பிள்ளைகள் விளையாடும் இரும்புத் துண்டு செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு இயந்திரம் செய்து, சுழற்றி வார்த்த மென்மையான லென்ஸ்களைத் தயாரித்தார். அந்த வகை லென்ஸில் ஆக்சிஜன் போவது அதில் ஊறியிருக்கும் தண்ணீர் வழியாக. தூங்கும்போதும் போட்டிருந்தால் அது போதவில்லை. சிலிக்கோனோ தண்ணீரைவிடப் பல மடங்கு தாராளமாக ஆக்சிஜனைக் கடத்தும்.

ஆனால் வெறும் சிலிக்கோன் லென்ஸ் மீது கண்ணீர் பரவாது, வாழை இலையில் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக நிற்கும். லென்ஸ் விழியோடு இறுகி ஒட்டும், கொழுப்பும் புரதமும் அப்பும். இதற்கு வழி கண்டுபிடித்து, சிலிக்கோனையும் தண்ணீர் உறிஞ்சும் ஜெல்லையும் கலந்த 'சிலிக்கோன் ஹைட்ரோஜெல்' லென்ஸ் கடைக்கு வர 1990களின் கடைசி ஆகிவிட்டது. முதலில் வந்த இரண்டு பிராண்டுகளும் வழி கண்டது பிளாஸ்மாவில், அதாவது மின்சாரத்தால் அயனியாக்கப்பட்ட வாயுவில். 'ப்யூர்விஷன்' லென்ஸில் மேல்பரப்புச் சிலிக்கோனையே ஆக்சிஜனேற்றி, கண்ணாடித் தீவுகள்போல் மாற்றினார்கள். 'நைட் அண்ட் டே' லென்ஸில் முன்பு சொன்ன அந்த 25 நானோமீட்டர் பூச்சை முழுக்கப் போர்த்தினார்கள்.

எவ்வளவு ஒட்டியது என்பது மட்டும் கணக்கில்லை

இங்கேதான் ஒரு ஆச்சரியம். கண்ணீரில் நிறைய இருக்கும் புரதம் லைசோசைம். பென்சிலினுக்கு முன்பே, 1922ல், அலெக்சாண்டர் ஃப்ளெமிங் அறிவித்த கண்டுபிடிப்பு இது. கண்ணீர் வேண்டும் என்பதற்காக எலுமிச்சைத் தோலைக் கண்ணருகே பிழிந்து அழ வைத்துச் சேகரித்தாராம். பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் நல்ல காவலாளி இந்தப் புரதம்.

எதிர்மின்னூட்டம் கொண்ட பழைய வகை ஹைட்ரோஜெல் லென்ஸ்களில் இது நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் சேரும். சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லில் பெரும்பாலும் 20 மைக்ரோகிராமைத் தாண்டாது. அப்போ புது லென்ஸ்தானே சுத்தம்? அப்படிச் சொல்லிவிட முடியாது. பழைய லென்ஸில் சேர்ந்த லைசோசைம் பெருமளவு தன் சுருள் வடிவம் கெடாமல், வேலை செய்யும் நிலையிலேயே இருக்கிறது. சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லில் ஒட்டுவது குறைவுதான், ஆனால் ஒட்டியதில் பெரிய பங்கு பிரிந்து, உருக்குலைந்து கிடக்கிறது. உருக்குலைந்த புரதத்தை நம் உடல் அந்நியப் பொருளாகப் பார்க்க வாய்ப்பு உண்டு. மேல் இமையின் உட்புறம் சின்னச் சின்னத் தடிப்புகள், அரிப்பு, காலையில் பீளை, சாயங்காலத்துக்குள் லென்ஸ் உறுத்தல் எல்லாவற்றுக்கும் இது ஒரு காரணம். படிந்த அழுக்கில் சில பாக்டீரியாக்களுக்குத் தங்க இடமும் கிடைக்கிறது. எத்தனை கிராம் ஒட்டியது என்று மட்டும் அளந்து ஒரு பூச்சுக்கு மார்க் போடுவது தவறு என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பூச்சு உண்மையில் என்ன செய்கிறது?

பெரும்பாலும் அது புரதத்தை அடித்து விரட்டுவதில்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பரப்பின்மீது இறுக்கமாக ஒரு நீர்ப்படலம் நின்றுவிட்டால், புரதம் ஒட்டுவதற்கு முன் அந்த நீரைத் தள்ள வேண்டும். தள்ள ஆகும் செலவு அதிகமானால் புரதம் பேசாமல் போய்விடும்.

இதற்குப் பல வருஷங்களாகப் பயன்படுவது பாலிஎதிலீன் கிளைக்கால், சுருக்கமாக 'பெக்'. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பவுடரிலும் இதே பொருள் உண்டு. இன்னொன்று நம் ரத்தச் சிவப்பணுவின் வெளிச்சுவரைப் பார்த்துக் காப்பியடித்தது. அந்தச் சுவரில் பாஸ்போரில்கோலின் என்ற தலைப்பகுதி உண்டு, ஒரே மூலக்கூறில் பிளஸ் மின்னூட்டமும் மைனஸ் மின்னூட்டமும் இருக்கும். மொத்தத்தில் பூஜ்ஜியம், ஆனால் தண்ணீரை விடாது. பிரிட்டனில் டென்னிஸ் சாப்மன், ஜப்பானில் கசுஹிகோ இஷிஹாரா ஆகியோரின் குழுக்கள் இதைச் செயற்கைப் பாலிமராக வளர்த்தெடுத்தன. இந்தப் பாஸ்போரில்கோலினைக் கலந்த லென்ஸ்கூடச் சந்தையில் இருக்கிறது.

இவ்வளவு நல்ல பொருட்கள் கையில் இருந்தும் ஏன் நீடிக்கவில்லை?

சிலிக்கோனில் நடப்பதைப் பாருங்கள். பிளாஸ்மா கொடுத்தவுடன் மேல்பரப்பு தண்ணீரை விரும்பும் பரப்பாக மாறிவிடும், ஒரு சொட்டு விட்டால் அப்படியே பரவும். அதைக் காற்றில் வைத்துவிட்டுச் சில மணி நேரமோ சில நாளோ கழித்து வந்து பார்த்தால், மறுபடியும் முத்து முத்தாக நிற்கும்! பூச்சை யாரும் சுரண்டவில்லை. உள்ளே நெளிந்துகொண்டிருந்த சின்னச் சங்கிலிகள் மெல்ல மேலே ஏறி வந்து, தண்ணீர் விரும்பும் பகுதியை மூடிவிடுகின்றன. சுவரில் ஓதம் ஏறி நல்ல பெயின்டைக் கெடுப்பதுபோல, கெடுதல் உள்ளிருந்து வருகிறது. திருவான்மியூர் கடற்கரையோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சிலிக்கான் சிப்பில் நெளியும் சங்கிலி கிடையாது. அங்கே பிரச்சினை நங்கூரத்தில். காற்றுபட்ட சிலிக்கான் மீது ஓரிரு நானோமீட்டர் ஆக்சைடு படலம் தானாகவே உருவாகும். 'சைலேன்' என்ற மூலக்கூறை இடையில் வைத்து, ஒரு கையால் அந்த ஆக்சைடையும் மறு கையால் பெக்கையும் பிடிக்க வைப்பது வழக்கமான முறை. ஆனால் 37 டிகிரியில், உப்புத் தண்ணீரில், அந்தப் பிடியைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. அடியில் இருக்கும் ஆக்சைடும் மெல்லக் கரைகிறது. பெக்குக்கும் சொந்தமாக ஒரு பலவீனம் உண்டு, ஆக்சிஜன் பட்டுப் பட்டு அதன் சங்கிலி உடையும். பிறகு தேய்ப்பு. இமை ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை லென்ஸைத் துடைக்கிறது என்பதை யோசித்தால், 25 நானோமீட்டர் அந்த ஒரு மாசம் தாங்குவதே பெரிய விஷயம் என்று தோன்றும்.

ஈ.சி.ஆரில் 60 கி.மீ. போனால் ஒரு வழி

உடலை விட்டுக் கடலுக்கு வருவோம், ஏனென்றால் புரதத்தை வைத்தே தண்ணீருக்குள் கெட்டியாக ஒட்டத் தெரிந்த ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். திருவான்மியூரிலிருந்து தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 60 கி.மீ. போனால் கல்பாக்கம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984லும் இரண்டாவது 1986லும் செயல்பாட்டுக்கு வந்தன. குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும். அது கடற்படுகைக்கு அடியில் வெட்டிய சுரங்கம் வழியாக வருகிறது. ஓடும் நீர், வேளாவேளைக்கு உணவு, எதிரி குறைவு என்று எல்லாம் இருக்கும் அந்தச் சுரங்கச் சுவரைப் பச்சை மட்டிகளும் கொட்டலசும் குடியிருப்பாக்கிக்கொண்டன. உதிரும் ஓடுகள் குழாய்களை அடைக்கும் என்பதால், கடல்நீரில் குளோரின் சேர்த்துக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. எந்த அளவு குளோரின், எந்தப் பருவத்தில் மட்டிக் குஞ்சுகள் வருகின்றன என்று கல்பாக்கம் விஞ்ஞானிகள் பல வருஷங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

அங்கேயும் கதை தொடங்குவது புரதத்தில்தான். எந்தப் பொருளைக் கடலில் இறக்கினாலும் சில நிமிடங்களிலேயே புரதமும் பிற கரிம மூலக்கூறுகளும் படலமாகப் படியும். சில மணி நேரத்தில் பாக்டீரியா, சில நாட்களில், வாரங்களில் மட்டியும் கொட்டலசும். கப்பல் அடிப்பகுதிக்கு விஷத்தன்மையுள்ள டின் பெயின்ட் அடிப்பதை 2008ல் அமலான சர்வதேச ஒப்பந்தம் தடுத்த பிறகு, சிலிக்கோன் பெயின்டுகள் கூடுதல் கவனம் பெற்றன. அவற்றில் உயிரிகள் ஒட்டத்தான் செய்யும், ஆனால் பிடி தளர்வாக இருப்பதால் கப்பல் வேகமெடுத்தால் கழன்று விழும்.

நமக்கு வேண்டிய விஷயம் மட்டியின் கால் நாரில் இருக்கிறது. பாறையில் அலை அடித்தும் விடாத அந்த நாரின் நுனியில் 'டோபா' என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் உண்டு. 2007ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹேஷின் லீ, பிலிப் மெஸ்ஸர்ஸ்மித் குழுவினர் இதற்கு உறவான டோபமைனை லேசான காரத்தன்மை கொண்ட நீரில் கரைத்து, அதில் பொருட்களை முக்கி எடுத்தார்கள். சிலிக்கான், கண்ணாடி, உலோகம், சிலிக்கோன், எதுவும் ஒட்டாது என்று பெயர்வாங்கிய டெஃப்லான் உட்பட எல்லாவற்றின் மீதும் மெல்லிய படலம் பிடித்தது. அதன்மேல் பெக்கைக் கட்டினால், கீழே மட்டியின் பிடி, மேலே ஒட்டாத பரப்பு. குழாயை அடைக்கும் ஆளிடமே பிடி கடன் வாங்கிய கதை.

இதிலும் குறை உண்டு. படலத்தின் நிறம் பழுப்பு, தடிமன் கூடக் கூடக் கறுக்கும். லென்ஸுக்கு ஆகாது. குழாய்க்கு நிறம் பிரச்சினை இல்லை.

லென்ஸைக் கழற்றலாம், ஷன்ட்டை?

மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு, தலையிலிருந்து தோலுக்கு அடியிலேயே வயிறு வரை ஒரு சிலிக்கோன் குழாய் வைப்பார்கள். பெயர் ஷன்ட். 1956ல் அமெரிக்காவில் பூட்டு கம்பெனி ஒன்றில் கருவிகள் செய்த ஜான் ஹோல்டர், இந்த நோயோடு பிறந்த தன் மகனுக்காக முயன்று உருவாக்கிய சிலிக்கோன் வால்வுதான் பெரிய திருப்பம். ஆனால் அது அடைத்துக்கொள்ளும். 'சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி' எழுதிய ரோல்ட் டாலின் கைக்குழந்தை தியோவுக்கு 1960ல் நியூயார்க்கில் டாக்ஸி மோதித் தலையில் அடிபட்டது. வைத்த ஷன்ட் திரும்பத் திரும்ப அடைத்தது. பொம்மை விமான எஞ்சின்களுக்கு பம்ப் செய்துவந்த ஸ்டான்லி வேட், நரம்பியல் அறுவை மருத்துவர் கென்னத் டில் ஆகியோரோடு சேர்ந்து டால் புது வால்வு ஒன்றை உருவாக்கினார். அது தயாரானபோது தியோவுக்குத் தேவைப்படவில்லை, ஆனால் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பயன்பட்டது.

அறுபது வருஷம் ஆகியும் அடைப்பு தீரவில்லை. குழந்தைகளுக்கு வைக்கும் ஷன்ட்களில் ஏறக்குறைய பாதி இரண்டு வருஷத்துக்குள் செயலிழக்கிறது, முதல் காரணம் அடைப்பு. அடைப்பது புரதம் மட்டுமல்ல, செல்களும் திசுவும்தான் அதிகம். ஆனால் செல்கள் வந்து பிடிக்க முதல் படியாக அமைவது படிந்த புரதம். ஒவ்வொரு அடைப்புக்கும் இன்னொரு அறுவை சிகிச்சை. லென்ஸ் கம்பெனிகளுக்கு ஒரு சுலப வழி கிடைத்துவிட்டது, தினம் ஒன்று போட்டுத் தூக்கி எறியும் லென்ஸ். பூச்சு நீடிக்க வேண்டிய அவசியமே இல்லை. சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டும் குளுக்கோஸ் சென்சாருக்கும் 14 நாள் போன்ற ஒரு கெடு வைத்திருக்கிறார்கள், புரதப் படிவு அதற்கு ஒரு காரணம். ஷன்ட்டுக்கு இந்த வசதி கிடையாது.

அதுவரை உங்கள் லென்ஸுக்கு

ஒரு மாச லென்ஸ் என்றால், பாக்கெட் பிரித்த நாளிலிருந்து 30 நாள். போட்ட நாளை மட்டும் எண்ணிக் கணக்குப் போடக்கூடாது. கழற்றியதும் சொல்யூஷன் விட்டு உள்ளங்கையில் விரலால் மெல்லத் தேய்த்துக் கழுவுங்கள். 'தேய்க்கத் தேவையில்லை' என்று டப்பாவில் போட்டிருந்தாலும்கூட. தளர்வாக ஒட்டியிருக்கும் புரதம் போவது அந்தத் தேய்ப்பில்தான். முன்பெல்லாம் கெட்டியாகப் பிடித்ததை எடுக்க என்சைம் மாத்திரை போட்டு ஊறவைப்பார்கள், அதில் ஒரு வகை பப்பாளியில் இருக்கும் பப்பெய்ன். ஆட்டுக்கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுவோமே, அதே வேலைதான். நேற்றைய சொல்யூஷன் மேல் புதுசை ஊற்றி நிரப்பாதீர்கள். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் லென்ஸில் படவே கூடாது. தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிரி கருவிழியில் ஏற்படுத்தும் புண், பார்வையையே பறிக்கக்கூடியது. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்த்தால் கூசினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

அடுத்து, 'புரதம் 99 சதவீதம் ஒட்டாத புதிய பூச்சு' என்று எங்காவது செய்தி வந்தால், மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். எந்தப் புரதத்தில் சோதித்தார்கள்? ஆல்புமின் என்ற ஒரே புரதக் கரைசலை மட்டும் வைத்தார்களா, அல்லது முழு ரத்தச் சீரமா? வ்ரோமன் சொன்ன வரிசை ஒரே புரதத்தில் தெரியாது. எவ்வளவு நேரம் சோதித்தார்கள்? பல சோதனைகள் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஷன்ட்டுக்கு வேண்டியது வருஷங்கள். சோதிக்கும் முன் அந்தப் பூச்சைத் தேய்த்தார்களா, வெந்நீரில் கிருமிநீக்கம் செய்தார்களா, ஆறு மாசம் பெட்டியில் வைத்து எடுத்தார்களா?